வினைல் தரையில் கீறல்: எது போகும், எதை நிரப்ப வேண்டும், எப்படித் தடுப்பது

கேள்வி இதுதான்: பீரோவை நகர்த்தியபோது வினைல் தரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. சக்கரம் வைத்த நாற்காலி இருக்கும் இடத்தில் மேற்பரப்பும் மங்கிக் கிடக்கிறது. உப்புத்தாள் வைத்துத் தேய், எண்ணெய் தடவு, இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தரையை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் என்ன செய்வது என்பது கீறல் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் கையில் கிடைத்ததை எடுத்துத் தேய்ப்பதால்தான் நூல் போல இருந்த கீறல் உள்ளங்கை அகல மங்கலாக மாறிவிடுகிறது. அந்த உப்புத்தாள் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். காரணம் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வீடுகளில் போடும் வினைல், ரோலாக வரும் ஷீட் ஆனாலும் பலகை பலகையாக வரும் பிளாங்க் ஆனாலும், பல அடுக்குகள் சேர்ந்தது. அடியில் தாங்கும் அடுக்கு. அதன்மேல் மரம், கல் போன்ற படம் அச்சிட்ட மெல்லிய ஃபிலிம். மர ரேகை என்று நாம் பார்ப்பதெல்லாம் அந்தப் படம்தான். படத்தைக் காப்பதற்காக மேலே நிறமில்லாத ஒரு பிவிசி படலம். அதற்கும் மேலே தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் யூரித்தேன் பூச்சு. தேய்மானத்தைத் தாங்குவது இந்த மேல் இரண்டும்தான். அந்தத் தெளிந்த படலத்தின் கனம் சாதாரண வீட்டு ரகங்களில் சுமார் 0.15 மில்லிமீட்டர், அதைவிட நல்ல ரகத்தில் 0.3, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போடும் ரகத்தில் 0.5. பெட்டியில் 6 மில், 12 மில், 20 மில் என்று எழுதியிருப்பது இந்தக் கனத்தைத்தான். மில் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டர் என்று நினைத்துவிட வேண்டாம்.

மரத் தரையை இழைத்தால் அடியிலும் மரம்தான் வரும். வினைலைத் தேய்த்தால் முதலில் பூச்சு போகும், அடுத்துத் தெளிந்த படலம் மெலியும், பிறகு படமே அழிந்து கீழிருக்கும் வெள்ளையோ சாம்பலோ எட்டிப்பார்க்கும். போன படலத்தை வீட்டில் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே வினைல் கீறலுக்கு வழி நிரப்புவதும் மூடுவதும்தான். இதற்கு ஒரே விதிவிலக்கு, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறக்கலவையாக இருக்கும் ரகம். மருத்துவமனை, பள்ளித் தாழ்வாரங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் தரை பெரும்பாலும் அதுதான். அதை மெஷின் வைத்து மெருகேற்றலாம். வீட்டில் அது இருப்பது குறைவு.

இனி உங்கள் கீறல் எந்த அடுக்கில் நிற்கிறது என்று பாருங்கள். முதலில் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிறகு கீறல்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தடவுங்கள். தண்ணீர் நிற்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் நல்ல செய்தி. சேதம் மேல்பூச்சிலும் தெளிந்த படலத்திலும் மட்டும்தான், படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கீறலின் கரடுமுரடான ஓரங்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பியதும் சிதறல் அடங்கிவிடுகிறது. தண்ணீர் சில நிமிடம் செய்ததைப் பாலிஷ் நீண்ட நாளுக்குச் செய்யும். தண்ணீர் பட்டும் கோடு அப்படியே வேறு நிறத்தில் தெரிந்தால், படம் அறுபட்டிருக்கிறது. அங்கே பாலிஷ் மட்டும் போதாது. அடுத்து நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் சிக்காமல் வழுக்கிப் போனால் மேலோட்டமானது, சிக்கினால் ஆழமானது.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியவரும். கீறல் என்று நினைத்தவற்றில் பாதி கீறலே இல்லை; செருப்பின் ரப்பரோ நாற்காலிக் காலோ மேலே ஒட்டவிட்டுப் போன கறுப்புத் தடம். அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே பல தடங்கள் போய்விடும். போகாவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீர். அதற்கும் மசியாதவற்றுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். தரையில் நேராக ஊற்ற வேண்டாம். வெள்ளையாக வரும் மெலமைன் ஸ்பாஞ்சைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதுவும் மிக நுண்ணிய உப்புத்தாள்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தித் தேய்த்தால் கறையோடு பளபளப்பும் போகும். எதைப் பயன்படுத்துவதாக இருந்தாலும் முதலில் அலமாரிக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மேலோட்டமான கீறலுக்கும் நாற்காலியடி மங்கலுக்கும் மருந்து, வினைலுக்கென்று விற்கும் தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் பாலிஷ். வாங்கும்போது உங்கள் தரை பளபளப்பில்லாத மேட் வகையா, பளபளப்பா, இரண்டுக்கும் நடுவிலா என்று பார்த்து அதற்கேற்ற வகையை எடுங்கள். மேட் தரையில் பளபளப்புப் பாலிஷ் போட்டால் கீறல் மறையும், ஆனால் அந்த இடம் ஈரம் காயாத திட்டுப் போல எப்போதும் தனித்துத் தெரியும். தரையைத் தயாரித்தவர்களின் பராமரிப்புக் குறிப்பையும் ஒருமுறை பாருங்கள். சில ரகங்களுக்குப் பாலிஷே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்.

பாலிஷ் போடுவதில் வேலையின் பெரும்பகுதி சுத்தம்தான். சோப்பு நீரால் துடைத்த பிறகு வெறும் நீரால் இரண்டு முறையாவது துடைத்து, சோப்பின் மிச்சம் இல்லாமல் செய்து, முழுதாகக் காயவிட வேண்டும். சோப்புப் படலத்தின்மேல் போட்ட பாலிஷ் சில வாரங்களில் செதில் செதிலாக உரியும். பிறகு பஞ்சு சிந்தாத மைக்ரோஃபைபர் துணியால் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். கீறலின்மேல் மட்டும் போடாமல் அந்தப் பலகை முழுவதும், ஓரம் முதல் ஓரம் வரை போடுங்கள். அப்போதுதான் எல்லை தெரியாது. ஷீட்டாக இருந்தால், படத்தில் எங்கே இயல்பாக ஒரு கோடு வருகிறதோ அதுவரை. ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. இரண்டு மூன்று மெல்லிய பூச்சு போதும். ஒரே தடியாக ஊற்றினால் கோடு கோடாக நிற்கும், அடியில் காயாமலும் இருக்கும். இது நிரந்தரமல்ல, நடமாட்டத்தில் தேய்ந்துபோகும். பழைய பூச்சின்மேல் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டே போனால் மஞ்சளித்துவிடும். அந்த நிலை வந்தால் பாலிஷை நீக்கும் திரவத்தால் அகற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நகம் சிக்குகிற, படம் அறுபட்ட கீறல்தான் பொறுமை கேட்கும் வேலை. பீரோ இழுத்த கீறலில் வழக்கமாக ஓரங்கள் சற்று உயர்ந்து நிற்கும். பொருள் எங்கும் போகவில்லை, ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் முதலில் அதைக் கூடியவரை திரும்ப உட்காரவைக்கப் பாருங்கள். ஈரத்துணியை மேலே போட்டு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். கை பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பானதும் கரண்டியின் முதுகால் ஓரங்களைப் பள்ளத்தை நோக்கி மெதுவாக அழுத்துங்கள். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். 1926இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் அதை நெகிழவைக்கும் வழியைக் கண்டபிறகுதான் அது இப்படியெல்லாம் பயன்பட ஆரம்பித்தது. அந்த நெகிழ்வூட்டி கலந்திருப்பதால்தான் மிதமான சூட்டிலேயே வினைல் இளகிக் கொடுக்கிறது. ஷீட்டில் இது நன்றாக நடக்கும். சுண்ணாம்புக்கல் தூள் கலந்த எஸ்பிசி பலகைகள் விறைப்பானவை; அங்கே பலன் குறைவு.

இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். அதன் சூடு வினைலுக்கு மிக அதிகம். மேலே செதுக்கியிருக்கும் மர ரேகை தட்டையாகிவிடும், நிறம் மாறும், பசையில்லாமல் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கிளிக் லாக் பலகையாக இருந்தால் இணைப்பே வளைந்துபோகலாம். மேசைக்கால் அழுத்திய குழிகளுக்கும் இதே ஹேர் டிரையர் முறைதான், பல குழிகள் அதிலேயே மேலெழுந்துவிடும்.

ஓரம் அடங்கிய பிறகும் பள்ளம் தெரிந்தால் நிரப்ப வேண்டும். இன்னும் துருத்தி நிற்கும் பிசிறுகளைக் கூர்மையான பிளேடால் தரையோடு படுக்கவைத்து வெட்டுங்கள். பிய்த்து இழுத்தால் கீறல் நீளும். ஆல்கஹால் துணியால் துடைத்து உலரவிட்டு, கீறலின் இருபுறமும் ஓரத்தை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நிரப்புவதற்கு வினைல் பழுதுபார்க்கும் கிட்டுகளில் நிறப் பசைகள் வரும், உருக்கி ஊற்றும் கெட்டி மெழுகுக் குச்சிகளும் உண்டு. நடமாட்டம் அதிகமான இடத்துக்குப் பசை மேல். ஓரமான இடத்துக்கு மெழுகு போதும்.

நிறம் சேர்ப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மரப் படத்தில் ஒரே நிறம் என்று எதுவும் இல்லை. அருகிலிருக்கும் வெளிர் நிறத்தை அடிப்பூச்சாக நிரப்பிக் காயவிட்டு, அதன்மேல் கருமையான நிறத்தால் ரேகையை மெல்லிய தூரிகையால் தொடர்ந்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் சற்றே கருமையான பக்கம் சாயுங்கள். கருங்கோட்டைக் கண் மர ரேகை என்று எடுத்துக்கொள்ளும், வெளிர்கோட்டைக் கீறல் என்றே பார்க்கும். தண்ணீர் அடிப்படையிலான பசை காயும்போது சுருங்கும், ஆகவே ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு மூன்றாக ஏற்றுங்கள். கடைசிப் பூச்சை, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் கீறலுக்குச் சாய்வாக வழித்துத் தரைமட்டம் ஆக்கி, டேப்பை உடனே எடுத்துவிடுங்கள். முழுதாக இறுகியதும் மேலே ஒரு மெல்லிய தெளிந்த பூச்சு. அழியாத மார்க்கர் பேனாவால் கோட்டைத் தீட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த மை வினைலுக்குள் ஊறி மெல்லப் பரவும், பிறகு எடுக்க முடியாது. மரச்சாமானுக்கென்று விற்கும் திருத்தப் பேனா அல்லது அக்ரிலிக் வண்ணம் பாதுகாப்பானது.

மிச்சத் துண்டைப் பிளேடால் சுரண்டித் தூளாக்கி, நிறமற்ற நெயில் பாலிஷில் குழைத்துப் பட்டி போல வைக்கும் ஒரு பழைய வழியும் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமுள்ள வினைலில் அருமையாக வரும். அச்சுப் படம் போட்ட ரகத்தில் எல்லா அடுக்கும் கலந்து சாம்பலாகத்தான் வரும். அதனால் முதலில் மிச்சத் துண்டிலேயே ஒரு கீறல் போட்டு முயன்று பாருங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

கிழிசலாகவோ விரல் அகலத்துக்கோ போய்விட்டால் நிரப்புவதில் காலம் கழிக்காதீர்கள், துண்டு மாற்றுவதே நல்லது. ஷீட்டில் மிச்சத் துண்டைச் சேதத்தின்மேல் வைத்து, படம் படத்தோடு பொருந்தும்படி நகர்த்தி டேப்பால் இறுக ஒட்டி, இரும்பு அளவுகோல் வைத்துப் புதுக் கட்டர் பிளேடால் இரண்டு அடுக்கையும் சேர்த்தே வெட்ட வேண்டும். அப்போதுதான் புதுத் துண்டு குழியில் மயிரிழை பிசகாமல் உட்காரும். வெட்டு, படத்திலுள்ள டைல் இணைப்புக் கோட்டிலோ பலகை ஓரத்திலோ போனால் பிறகு தேடினாலும் தெரியாது. பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிய பசையில் பதித்து, இணைப்பில் வினைலுக்கான சீம் சீலர் விடுங்கள். அது இரு ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், தண்ணீர் இறங்காது. மேலே ஒட்டாத தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஒரு நாள் ஏற்றிவையுங்கள்.

பசை போட்ட பலகையாக இருந்தால் ஹேர் டிரையரால் பசையை இளக்கி, நடுவில் வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உரிக்கலாம். கிளிக் லாக் பலகை சுவரோரம் இருந்தால் சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றி வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்து (எடுக்கும்போதே பின்பக்கம் எண் போட்டுவிடுங்கள்) மாற்றலாம். அறையின் நடுவில் என்றால் சேதப் பலகையை மட்டும் வெட்டி எடுத்து, புதியதன் இணைப்பு நாக்கைச் சீவி, ஒட்டிப் பொருத்த வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்கு ஆள் வைத்துக்கொள்வதே சரி. மிச்சப் பலகை இல்லையா? அலமாரிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நடுவில் போட்டு, சேதமானதை அலமாரிக்கு அடியில் ஒளித்துவிடலாம். வெயில் படாத பலகை சற்று நிறம் கூடித் தெரியலாம். கீறலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 1980-களுக்கு முன்போ அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலோ போட்ட தரையாக இருந்தால், டைலிலோ அடிப்பசையிலோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. 9 அங்குலச் சதுர டைல்களில் குறிப்பாக. உடையாமல் கிடக்கும்வரை அதனால் பெரிய தீங்கில்லை. தேய்த்தாலும் சுரண்டினாலும் உடைத்தாலும்தான் நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். பரிசோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை அதில் பாலிஷைத் தவிர எதுவும் செய்யாதீர்கள்.

எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தடவியதும் கீறல் மறைவது உண்மை, தண்ணீர்ச் சோதனையில் நடந்ததேதான். ஆனால் எண்ணெய் இறுகாது. தூசியைப் பிடித்துக் கறுக்கும், வழுக்கும், பின்னால் போடும் பாலிஷை ஒட்டவிடாது. கார் பாலிஷும் சிலிக்கோன் ஸ்பிரேயும் இன்னும் மோசமான வழுக்கல். வயதானவர்கள் நடமாடும் வீட்டில் அது ஆபத்து. பற்பசையில் தேய்க்கும் துகள் இருக்கிறது. தின்னரும் அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் வினைலை இளக்கிக் குழைத்துவிடும்.

இனி தடுப்பது. பீரோ என்றாவது ஒருநாள்தான் நகர்கிறது. வினைலின் அன்றாட எதிரி மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. கண்ணாடியையே கீறக்கூடியது, பிவிசி எம்மாத்திரம். செருப்போடு வந்த துகள் ஒன்று நாற்காலிச் சக்கரத்துக்கு அடியில் மாட்டினால் நாள் முழுக்க அதே இடத்தைச் சுரண்டும். உங்கள் நாற்காலியடி மங்கல் அப்படி விழுந்த ஆயிரக்கணக்கான நுண்கீறல்களின் கூட்டம்தான். ஆகவே வாசலுக்கு வெளியே ஒரு கரடான கால்மிதி, உள்ளே துகளைப் பிடித்துக்கொள்ளும் துணி மிதியடி, இரண்டும் வேண்டும். உள்ளே போடுவது, இரண்டு மூன்று எட்டு வைத்த பிறகே தரையில் கால் படும்படி நீளமாக இருந்தால் நல்லது. அதன் அடிப்பாகம் ரப்பராக இருக்கக் கூடாது. ரப்பரில் உள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் கறை உண்டாக்கும். அந்தக் கறை மேலே படிந்ததல்ல, உள்ளே நடந்த மாற்றம், எதைப் போட்டாலும் போகாது.

மென்மையான துடைப்பத்தால் பெருக்கிய பிறகுதான் ஈரத்துணி. பெருக்காமல் மாப் போட்டால் மணலை ஈரத்தோடு தரை முழுக்க இழுத்த மாதிரிதான். கலங்கிய நீரை மாற்றாமல் துடைப்பதும் அதே. வேக்குவம் இருந்தால் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். நீராவி மாப் வேண்டாம், சூடும் ஈரமும் சேர்ந்து ஓரங்களைத் தூக்கிவிடும்.

நாற்காலி மேசைக் கால்களுக்கு ஃபெல்ட் பேட் ஒட்டச் சொல்வார்கள், சரிதான். ஒட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் பிழை. ஃபெல்ட் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நாளடைவில் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். அவ்வப்போது நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். தட்டினால் துகள் உதிர்ந்தாலோ ஓரம் கிழிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கனமான சாமான்களின் சிறிய கால்களுக்கு அகலமான கிண்ணம் போன்ற தாங்கிகள் வைத்தால் பாரம் பரவும், குழி விழாது. சுழல் நாற்காலிகளில் வரும் கெட்டி நைலான் சக்கரம் கார்ப்பெட்டுக்கு ஏற்றது. வினைலுக்கு, மேல்வளையம் மென்மையான பாலியூரித்தேனால் ஆன சக்கரம் வேண்டும். பெரும்பாலான நாற்காலிகளில் பழையதை இழுத்துக் கழற்றிப் புதியதை அழுத்திப் பொருத்திவிடலாம், கருவி எதுவும் தேவையில்லை. நாய் வளர்ப்பவர்கள் அதன் நகத்தைக் கவனித்துக்கொண்டால் போதும்.

உங்கள் வீட்டில் நான் செய்வதாக இருந்தால் நாற்காலிச் சக்கரத்தை முதலில் மாற்றுவேன், பிறகே அங்கே பாலிஷ். வரிசை மாறினால் போட்ட பாலிஷை அதே சக்கரம் தின்றுவிடும். பீரோ கீறலுக்குத் தண்ணீர்ச் சோதனை செய்து, ஓரங்களைச் சூடுகாட்டி அடக்கி, மறையாத பகுதியை மட்டும் நிரப்புவேன். நிரப்பிய இடம் குறைந்தது ஒரு நாள் இறுகட்டும். அதன் பிறகு பீரோவைத் திரும்ப வைக்கும்போது உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, தரையை ஒருமுறை பெருக்கி, போகும் வழி நெடுக பிளைவுட் பலகையோ மடித்த கனமான போர்வையோ போட்டு, இரண்டு பேராகத் தூக்கி அதன்மேல் நகர்த்துங்கள். பிளைவுட் போடுவதாக இருந்தால் அதன் அடியில் ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள், அதன் ஓரமும் கீறும்.